சொர்ணத்தாயின் பரீட்சை

செண்பகராஜ் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டான்.

"டாக்டர் வாயால இது நோயின்னு வரட்டும். அன்னைக்கே அம்மைய என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். வரலைன்னா ஒன் மாப்பிள்ளைய நீயே சமாளிச்சுக்கோ. என்னயக் கொற சொல்லப்படாது."

தங்கை இசக்கிச்செல்வி தலையாட்டினாள். மணியாச்சியில் இருக்கும் புருஷன் வீட்டை விட்டுப் பசுவந்தனைக்கு அம்மாவைப் பார்க்க வந்து பதினான்கு மாதமாகிறது. பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று இரண்டு சேலையோடு வந்தவள். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கும் மணிராஜ் நல்லவன்தான். நல்லவனுக்கும் பொறுமை தீரத்தானே செய்யும்? பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வா, இல்லையென்றால் அங்கேயே இருந்துகொள் என்று போன வாரம் சொல்லிவிட்டான். மகள் முத்துச்செல்வி இப்போதெல்லாம் போனில் "என்னம்மா" என்பதோடு சரி. அடுத்த வார்த்தைக்குள் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறாள்.

அப்பாவுக்கு மறதி வந்தபோது யாரும் டாக்டர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கடைசி நான்கு வருடம் தன் பெயரே தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊரே பாவம், நோய் என்று உச்சுக்கொட்டியது. ஊட்டியதும் குளிப்பாட்டியதும் பீத்துணி அலசியதும் அம்மா சொர்ணத்தாய். அவளுக்கே இப்போது அது வந்திருக்கிறது. அவளுக்கு வந்தால் மட்டும் அதற்குப் பெயர் தெனாவட்டு.

"மக வந்ததும் அத்தைக்கு வேல செய்ய ஒடம்பு வணங்கல" என்றாள் செண்பகராஜின் மனைவி சுதாராணி, அம்மா வைத்த குழம்பில் உப்பில்லாத அன்றைக்கு. உப்பு இல்லாததுதான் அவளுக்குத் தெரிந்தது. மறுவாரம் குழம்பில் சோப்புத்தூள் கிடந்தது. அதைத் தின்று கக்கியது இசக்கிச்செல்வி மட்டும்.

கோவில்பட்டியில் ஒரு கிளினிக்கில் பதினேழாவது டோக்கன். டாக்டர் இளவயதுக்காரர். சொர்ணத்தாயை எதிரே உட்காரவைத்துக் கேட்டார்.

"இன்னைக்கு என்ன தேதிம்மா?"

"தேதி எதுக்குய்யா? கல்யாணமா வச்சிருக்கீக?"

செண்பகராஜ் சிரித்தான். டாக்டரும் சிரித்துவிட்டார்.

"நூறுல ஏழு போனா எவ்வளவு?"

"யாரு எடுத்துட்டுப் போனா?"

ஒரு தாளை நகர்த்திக் கடிகாரம் வரையச் சொன்னார். சொர்ணத்தாய் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பத்திரமாக மேசைமேல் வைத்தாள்.

"எங்கம்ம கைநாட்டு, டாக்டர்" என்றான் செண்பகராஜ். "நல்லா இருந்த காலத்துலயே இதெல்லாம் தெரியாது."

"அதான் சிக்கல். படிக்காதவங்களுக்கு இந்தக் கேள்வியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

இசக்கிச்செல்வி சோப்புத்தூளைச் சொன்னாள். எப்போதோ மூடிவிட்ட தீப்பெட்டி ஆபீசுக்குப் போக, விடியுமுன் அம்மா தூக்குச்சட்டியோடு ரோட்டில் வேனுக்குக் காத்து நின்றதைச் சொன்னாள்.

"கவனக்குறைவாவும் இருக்கலாம்மா. நீங்க வீட்டுல இருக்கீங்கள்ல, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார் டாக்டர்.

வீட்டுல இருக்கீங்கள்ல. அந்த வார்த்தைதான் அவளை உசுப்பியது. கொண்டுவந்திருந்த சாக்குப்பையைப் பிரித்தாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய, தீக்குச்சி அடுக்கும் மரச்சட்டம்; மருந்து வைக்காத வெறுங்குச்சி இரண்டு கை.

"அய்யா, எங்கம்மைக்குத் தெரிஞ்சதுல கேளுங்க. பன்னெண்டு வயசுல இருந்து தீப்பெட்டி ஆபீசுல கட்டை அடுக்குனவ. மருந்துல முக்குறதுக்கு முன்னாடி குச்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இதுல வரிவரியா நிறுத்தணும். இதுலயும் தப்புனா நோயின்னு நம்புவீகளா?"

"சரி, பாப்போம்."

"நீ எதுக்குண்ணே சும்மா நிக்க? நீயும் பாரு."

வீட்டில் ஒருமுறைகூட அவள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. அந்த விரல்கள் திணறுவதைத் தனியாக இருந்து பார்க்க நெஞ்சில் தெம்பில்லை. நாலு பேர் முன்னால் திணறட்டும், இன்றோடு தொலையட்டும் என்று இருந்தாள். பெற்றவள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் என்றுகூட யோசிக்கவில்லை.

சொர்ணத்தாய் சட்டத்தைத் தொட்டாள். அவ்வளவுதான். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, சட்டத்தை மடியில் சாய்த்து, குச்சிகளை உள்ளங்கையில் ஒரு உலுக்கு உலுக்கினாள். விரல்கள் ஓடின. கண் எங்கோ சுவரில் இருந்தது. உழவுசாலில் சோளப்பயிர் முளைத்ததுபோல ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு குச்சி நின்றது. ஒரு வரி. அதன்மேல் பலகை. அடுத்த வரி. ஒரு குச்சி சாயவில்லை.

டாக்டர் எழுந்து வந்து பார்த்தார். "பிரமாதம்! என்னால முடியாது இது."

"பாத்தியாட்டி?" செண்பகராஜின் முகமெல்லாம் பல். "எங்கம்மைக்கா மறதி? நாளைக்கே வேலைக்கு அனுப்பலாம் போலுக்கே!"

"அண்ணே, கை செய்யுது. அவளுக்குத் தெரியல. பழக்கத்துல கை செய்யுது."

"நீதானட்டி கொண்டாந்த? நாங்களா கொண்டாந்தோம்?"

டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். சந்தேகமிருந்தால் திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். "அதெல்லாம் எதுக்குங்க" என்று சீட்டை மடித்துத் தங்கை கையில் திணித்தான் செண்பகராஜ். பதினெட்டாவது டோக்கன் உள்ளே வந்தது.

வாசலில் பைக்கை உதைத்தவன், "அம்மா, ஜெயிச்சிட்டீக" என்று கத்திவிட்டுப் போனான். சொர்ணத்தாய் அவன் போன திசையைப் பார்த்தாள். "யாரு அந்தத் தம்பி? நல்ல கலகலப்பு" என்றாள்.

பஸ்ஸில் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்தாள் இசக்கிச்செல்வி. வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. சொர்ணத்தாய் மடியில் இருந்த சட்டத்தை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இவள் பக்கம் திரும்பினாள்.

"நீ எந்த ஊருட்டி? கல்யாணம் ஆயிட்டா?"

"ஆயிட்டு."

"புள்ள?"

"ஒரு பொட்டப்புள்ள."

"புள்ளைய எங்க விட்டுட்டு வந்த?"

"மணியாச்சியில."

"அய்யய்ய." சொர்ணத்தாய்க்கு நிஜமாகவே கோபம் வந்தது. "பிள்ளைய அங்கன போட்டுட்டு இங்கன என்னட்டி செய்யுத? ஒன்னயப் பெத்தவ இதெல்லாம் கேக்க மாட்டாளா?"

கண்டக்டர் விரலில் எச்சில் தொட்டபடி வந்து நின்றார். எங்கே இறங்க வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டார்.

"பசுவந்தனை" என்றாள் இசக்கிச்செல்வி. "ரெண்டு."