எஞ்சின் பக்கம்

ஷீனாவுக்கு முன்பாகவே அவளுடைய வலது தோள் விழித்துக்கொண்டது. கையைத் தூக்கிப் பார்த்தாள். காது வரைக்கும் போனது, கொண்டை வரைக்கும் போகவில்லை. முடியை இடது கையால் சுருட்டி ரப்பர் பேண்டுக்குள் திணித்துவிட்டு, கட்டன் சாயா கொதிக்கும் வரை ஒரு ஜப்பான்காரியைத் திட்டிக்கொண்டிருந்தாள். செத்தவள் செத்த மாதிரி கிடக்க வேண்டும். எழுந்து வந்து அடுத்தவள் தோளை ஒடிக்கக் கூடாது.

சங்கதி இதுதான். கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் தூக்க வேண்டும். தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் செடிக்கு மேலே வளைந்த கத்தி. பின்னால் மலைப்பாம்பு போல இழுபடும் பையைப் பிடிக்க மூன்றாவதாக ஒருத்தி. ஆனால் பெட்ரோல் எஞ்சின் ஒரு முனையில்தான் இருக்கிறது. எஞ்சின் பக்கம் பிடிப்பவளுக்குக் கனமும் சூடும் புகையும். மறுபக்கம் பிடிப்பவளுக்கு மூணாற்றுக் காற்று. அதனால் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பக்கம் மாற்றிக்கொள்வது வழக்கம். ஷீனாவின் ஜோடி ஜின்சி. பி.காம். படித்துவிட்டு வேலை தேடி அலைந்து, கடைசியில் அம்மா ஓய்வு பெற்ற இடத்தில் வந்து நின்றவள். பை பிடிப்பவள் ரோசி. மூவரில் மூத்தவள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் தீர்ப்பு சொல்பவள்.

அந்த ஜப்பான்காரி வரும் புத்தகத்தை ஒருநாள் சோற்று நேரத்தில் கொண்டுவந்தவன் ஜீப் ஓட்டும் ஜிஜோ. டூரிஸ்ட் யாரோ சீட்டில் விட்டுப் போனதாம்.

"இதுக்கு மாங்கான்னு பேரு," என்றான்.

"அப்போ உப்பும் மொளகாப்பொடியும் சேத்துக் கொண்டாந்திருக்கணும்லா," என்றாள் ரோசி.

"ஜப்பான் படக்கதை பெரியம்மா. ராட்சச ரோபோ கதை. ஃபோன்ல கார்ட்டூனா வந்துச்சு. முக்காவாசி பாத்தேன், நெட்டு தீந்துருச்சு. அதையேதான் புத்தகமாப் போட்டிருக்கான். இது கடைசி பாகம்."

மலை உயரத்துக்கு ஒரு ரோபோ. கடலிலிருந்து வரும் பூதங்களை அடிக்கும். அதை ஓட்ட ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேண்டும், இடது பக்கம் ஒரு பையன், வலது பக்கம் ஒரு பெண். "எஞ்சினு அந்தப் பிள்ள பக்கம்தான்," என்று ஜிஜோ சொன்னதும் மூன்று பேரும் சோற்றுப் பாத்திரத்தை மூடினார்கள். இதுவரை எந்தப் படத்திலும் இவர்கள் வேலை வந்ததில்லை.

"அந்தப் பிள்ள பொழைக்குமா சாவுமா, அதுதான் தெரியல," என்றான்.

"செத்துருவா," என்றாள் ஷீனா. "எஞ்சின் பக்கம் நிக்கிறவளுக்கு வேற என்ன வரும்?"

"பொழைப்பாக்கா. அவதான் ஹீரோயினு," என்றாள் ஜின்சி.

"பந்தயம் வைப்பமா? தோத்தவ ரெண்டு வாரம், காலைலயும் மத்தியானமும் எஞ்சின் பக்கம்."

"வைங்க."

ரோசி இருவர் கையிலும் தட்டிச் சாட்சியானாள்.

புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. ஜின்சி மடியில் வைத்து விரித்து, படத்தைக் காட்டித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் பக்கத்திலேயே கல்லறை. அந்தப் பெண்ணின் படம், பூ, ஊதுபத்தி.

"முடிஞ்சுது," என்று ஷீனா கை கழுவப் போனாள்.

"இருங்கக்கா. அடுத்த பக்கத்துல கல்லறையக் காணோம். பெட்டியில கிடக்கா. அதுக்கடுத்து பெட்டியுமில்ல."

நாளுக்கு நாள் கதை வினோதமாகப் போனது. பிணம் ரோபோவுக்குள் போனது. நொறுங்கிக் கிடந்த ரோபோவின் துண்டுகள் பறந்து வந்து ஒட்டிக்கொண்டன. பூதம் அடிக்க அடிக்க மிஷின் புதுசாகிக்கொண்டே வந்தது.

"இந்த ஒர்க்‌ஷாப்ப நம்ம எஸ்டேட்டுக்கு எழுதிக் கேக்கணும்," என்றாள் ரோசி.

"ஏட்டி, இந்தக் கோட்டுப் போட்டவன் பதில முதல்ல சொல்லிட்டுக் கேள்விய பொறவு கேக்குதானே?" என்றாள் ஷீனா.

ஜின்சி கொஞ்சம் முழித்தாள். பி.காம். படித்தவள் முழித்தது வெளியே தெரியக் கூடாது. "அவன் மானேஜரு அக்கா," என்றாள். அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

ஆனாலும் பேச்சு கோர்வையாக வரவில்லை. ரோசிதான் வழி சொன்னாள். "நாம நிரை வெட்டுத மாதிரி வாசியேன். போகும்போது இந்தப் பாதி, திரும்பும்போது அந்தப் பாதி. சும்மா நடந்து திரும்புவமா?" அப்படியே செய்தார்கள். மேல் வரிசைப் படங்களை இடமிருந்து வலமாகவும், அடுத்த வரிசையை வலமிருந்து இடமாகவும். பாதி பேச்சு சரியாக வந்தது. தோட்டத்தில் சூப்பர்வைசர் பேசுவதே பாதிதான் புரியும் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் கால் நீட்டி உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு பருக்கை.

"உயிர்த்தெழுந்தாச்சு," என்றாள் ஜின்சி. "மூணாம் நாள்கூட ஆகல."

அன்று மத்தியானம் ஆரம்பித்தது ஷீனாவின் எஞ்சின் பக்கம். வழுக்கும் சரிவிலும், அட்டை ஏறும் ஓடைக்கரையிலும் அவள்தான் சுமந்தாள். எதிரே ஜின்சி காற்று வாங்கியபடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வாரம் நேற்றுச் சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. தோளுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஷீனா பஜாரில் அஜ்மல் கடைக்குப் போனாள். அஜ்மல் பாலக்காட்டுக்காரர். டூரிஸ்டுகளுக்குத் தொப்பி, தேயிலைப் பொட்டலம், யூகலிப்டஸ் தைலம் விற்பவர். அவர் மகள் ஹஃப்ஸாவுக்கு இந்த மாதிரிப் புத்தகம் என்றால் பைத்தியம், கொடுத்துவிடுங்கள் என்று ஜிஜோ சொல்லியிருந்தான்.

"தைலம் பெரிய பாட்டிலா தாங்க பாய். இந்தாங்க, உங்க மகளுக்கு."

அஜ்மல் புத்தகத்தை வாங்கினார். வாங்கியவர் அதைக் கவிழ்த்து, பின் அட்டையை முன் அட்டையாக்கித் திறந்தார்.

"தலைகீழாத் தொறக்கீங்க," என்றாள் ஷீனா.

"இல்லீங்கக்கா, இது இப்படித்தான். வலத்துலிருந்து இடத்துக்கு. எனக்கு மதரஸாவுல ஓதுன பழக்கம், கை தானாப் போயிருது. எங்க ஹஃப்ஸாகூட மொதல்ல தப்பாத்தான் வாசிச்சா." மறுமுனையைத் தடவிப் பார்த்தார். "தப்பான பக்கம் தொறந்துட்டீங்கன்னு இந்தப் பக்கம் ஒரு தாள் அச்சடிச்சிருப்பானுங்க. அதை யாரோ கிழிச்சிருக்காங்க."

புத்தகம் கொண்டுவந்த அன்று ஜிஜோ அதிலிருந்து கிழித்து ஜீப்பின் ஆயில் குச்சி துடைத்த தாள் ஷீனாவுக்கு ஞாபகம் வந்தது. துடைத்துவிட்டு அதை அவள் கண்ணெதிரில்தான் எறிந்தான்.

"அப்போ அந்தப் பிள்ள?"

அஜ்மல் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார். முகம் வாடியது. "செத்துட்டாளுங்க, பாவம்."

"செத்துட்டாளா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"கல்லறை வரைக்கும் போட்டிருக்கானுங்க."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றாள் ஷீனா. தொப்பி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டூரிஸ்ட் அம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள்.

புத்தகத்தை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கினாள். "இது எனக்குச் சாட்சிக்கு வேணும் பாய். ஹஃப்ஸாவுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை."

திரும்பும் பஸ்ஸில் வலத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். சோற்று உருண்டையில் ஆரம்பித்தது. கன்னத்துப் பருக்கையை அந்தப் பையன் சுட்டிக் காட்டினான். பூதம் வந்தது. மிஷின் துண்டு துண்டாகப் போனது. அந்தப் பெண் பையனை வெளியே தள்ளிவிட்டு, இடது பிடியையும் வலது பிடியையும் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் கனம், ஒருத்தி தோள். ஷீனாவுக்குத் தோள் சுருக்கென்றது. இந்தக் கழுதைக்காகவா அழுகிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"யாராச்சும் மரிச்சுட்டாங்களா சேச்சி?" என்றார் கண்டக்டர்.

"ஆமா. மிஷின்ல வேல பாக்குத பிள்ள."

"எப்போ?"

"முன்னாலயே செத்திருக்கா. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

திங்கள் காலை, தேயிலைக் காட்டில் மிஷினை இறக்கி வைத்த இடத்திலேயே ஷீனா வழக்கை எடுத்தாள். புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்துப் பக்கம் பக்கமாகக் கொன்று காட்டினாள். ஜின்சியின் முகம் போன போக்கைப் பார்க்க, தோள் வலி கொஞ்சம் குறைந்தது.

"பந்தயம் நாம வாசிச்ச மாதிரிக்குத்தானக்கா," என்றாள் ஜின்சி. "நாம வாசிச்சதுல பொழைச்சுட்டாளே."

"செத்தவ செத்தவதான்ட்டி. நீ பின்னால இருந்து வாசிச்சா எங்க அப்பனுந்தான் எந்திரிச்சு வருவான்."

"நிரை மாதிரி வாசிக்கச் சொன்னது பெரியம்மாதானே?"

ரோசி அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. இடுப்பில் கை வைத்துத் தீர்ப்பு சொன்னாள். "பந்தயத்துக்கு ரெண்டு வாரம். இவளச் சும்மா சுமக்க வச்ச பாவத்துக்கு ரெண்டு வாரம். ஆக ஒரு மாசம் எஞ்சின் பக்கம் ஜின்சிக்கு. எடுங்க மிஷின."

ஜின்சி எஞ்சின் பக்கம் போய்க் குனிந்து கயிற்றை இழுத்தாள். எஞ்சின் ஒரு தரம் இருமியது. மறுபடி இழுத்தாள். அதுவும் இல்லை. ஷீனா வந்து இடது கையால் இழுத்தாள். சூப்பர்வைசர் வந்து இழுத்தார், இழுத்துவிட்டு அதன் அப்பனைத் திட்டினார். பத்து மணிக்கு ஜிஜோவின் ஜீப் வந்து மிஷினை ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றிக்கொண்டு போனது. மூன்று பேர் கையிலும் கொழுந்து வெட்டும் கத்திரியைக் கொடுத்து நிரைக்கு ஒருத்தியாக நிறுத்தினார்கள்.

"மிஷின் செத்துப் போச்சுக்கா," என்றாள் ஜின்சி அடுத்த நிரையிலிருந்து, சந்தோஷத்தை மறைக்காமல். "பின்னால இருந்து வாசிச்சா எந்திரிக்கும்."

"எந்திரிக்கும்ட்டி. எந்திரிக்கணும்னு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதேன்."

எஞ்சினுக்கு ஏதோ பார்ட்ஸ் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஷீனா வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் காது வரைக்கும்தான். ஜின்சி அவளுக்கு இன்னும் ஒரு மாத எஞ்சின் பக்கம் கடன்பட்டிருக்கிறாள்.