சுறா எண்ணெய் பூசிய கார்

1

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுக்கும் எனக்கும் மனஸ்தாபம் வரக்கூடாது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருமாம், பயணத்தில் வருமாம். எனக்கு வேலிக்கு மேலால் வந்தது. மன்னார்ப் பேசாலையில் என் பக்கத்து வளவுக்காரன் நிரோஷன், கடற்றொழில் செய்கிறவன், தான் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து சுறா எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். நான் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் பேனையைத் தேடினேன்.

முதல் ஆரம்பம் இப்படி:

"கடற்காற்று அந்தச் சிவப்புக் காரின் கன்னத்தை வருடிய அந்த மாலைப் பொழுதில்—"

சீ. காருக்குக் கன்னமாம். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: "நவீன மனிதனின் வேக வேட்கை கரையோரச் சமூகங்களின் வாழ்வியலில்—"

இது கதை இல்லை, கருத்தரங்கு. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்காக வந்திருப்பவர்கள் மட்டும்தான் இதைக் கேட்பார்கள்.

மூன்றாவதைத்தான் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைவிட நல்லதாக ஒன்று வந்தால் மாற்றுவேன். (வரவில்லை.)

2

நடந்தது இதுதான். நிரோஷன் தன் படகை விற்றுவிட்டு, நீர்கொழும்புக்குப் போய் அந்தக் காரை வாங்கினான். சிவப்பு நிறம், இரண்டு கதவு, இரண்டே இரண்டு சீற். உயரத்தைப் பற்றி என்ன சொல்ல? எங்கள் ஊர்க் கழுதைகள் அதைக் குனிந்துதான் பார்க்கும். கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன், எனக்கு எதற்கு வம்பு. விற்றவன், சின்னச் சின்ன வேலைதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். இவனும் தலையை ஆட்டியிருக்கிறான்.

கத்தரின் அவனுடைய மனைவி. கருவாடு காயவைத்து விற்கிறவள். படகை பைபர் ஒட்டக் கொடுத்திருப்பதாக அவளிடம் சொல்லி வைத்திருந்தான். கார் வந்த அன்றுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதை வேலியால் எட்டி என்னிடம் சொல்வாள், நான் அவனிடம் சொல்ல வேண்டும். சோறு போட்டிருக்கிறது என்று அறிவிக்கிற வேலையும் எனக்குத்தான். அவன் குசினிக்கு வெளியே மூன்று எட்டில் நிற்பான்.

எங்கள் பக்கத்தில் வாகனம் என்று எதை வாங்கினாலும் மடுவுக்குக் கொண்டுபோய், மாதாவின் வாசலில் நிறுத்தி, சுவாமியாரிடம் தீர்த்தம் தெளிப்பிக்க வேண்டும். வீட்டுக்காரியும் கூடப் போக வேண்டும். கத்தரின் என்னிடம் சொன்னது இது: ஆவணித் திருநாளுக்கு அவர் அந்தச் சாமானில் தனியப் போகட்டும். அவள் அதே நாள் பையைக் கட்டிக்கொண்டு நறுவிலிக்குளத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. அவள் சும்மா வெருட்டுகிற ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

ஆகவே இந்தக் கதையின் கேள்வி ஒன்றுதான். அந்த இரண்டாவது சீற்றில் கத்தரின் ஏறுவாளா, மாட்டாளா? எஞ்சின் வேலை செய்யுமா என்பது அதற்குப் பிறகு.

3

கார் மன்னாருக்கு முழுதாக ஓடி வரவில்லை. பெரிய பாலத்தடியில் றேடியேற்றர் கொதித்தது. வேறு யாராவது என்றால் தண்ணீர்ப் போத்தலுக்கு அலைந்திருப்பான். நிரோஷன் பாலத்தின் இரண்டு பக்கமும் இருந்த கடலைப் பார்த்தான். படகு எஞ்சின் காலம் முழுக்கக் கடல் தண்ணீரில்தானே குளிர்கிறது? வாளியில் அள்ளி ஊற்றினான். கார் ஒரு தும்மல் போட்டு அதோடு நின்றுவிட்டது. பிறகு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசினுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு ஊருக்குள் வந்தது. பெருநாளுக்கு மாதா சுருவம் ஊர்வலம் வருகிற மாதிரி சனம் வாசலில் நின்று பார்த்தது. யாரோ சிலுவை போட்டதாகக்கூடக் கேள்வி.

மன்னார் ரவுணில் கராஜ் வைத்திருக்கும் ஸப்ராஸ் வந்து முன் பொனற்றைத் திறந்தார். உள்ளே ஒரு ரயரும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. மூடினார். திரும்பவும் திறந்தார். எஞ்சினையும் சேர்த்துத்தான் வாங்கினீர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.* அது சீற்றுக்குப் பின்னால் இருந்தது.

* ஸப்ராஸ் இதை வாசித்துவிட்டு, எஞ்சின் எங்கே இருக்கிறதென்று தனக்குத் தெரியும், பகிடிக்குத்தான் கேட்டேன் என்கிறார். எழுதிவிட்டேன். நம்புவது உங்கள் பாடு.

றேடியேற்றரைக் கழற்றினால் உள்ளே உப்பு. அதைக் கழுவிப் பூட்டினால் பம்ப் ஒழுகியது. பம்புக்குக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட பார்ட் வேறு காருடையது. முன் பம்பரில் ஒரு கழுதை கால் சொறிந்தது, பம்பர் கழன்று விழுந்தது. படகு ஒட்டுகிற ஜெனோஜன் வந்து, பைபர் துணியும் பசையும் வைத்துத் தனக்குத் தெரிந்த மாதிரி ஒட்டிக் கொடுத்தான். இப்போது காருக்குப் படகு மாதிரியே கூரான ஒரு மூக்கு இருக்கிறது. நிறமும் படகு நீலம், அவனிடம் சிவப்பு இருக்கவில்லை.

கடைசியில் உப்புக்காற்றுக்கு அடித்தகடு கறள் பிடிக்கத் தொடங்கவே, அந்த நாளில் மரவள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயை எங்கேயோ தேடிப் பிடித்துப் பூசினான். சைலன்சர் சூடேற, எண்ணெய் பொரியும். அவன் கார் ஸ்ரார்ட் பண்ணினால் பேசாலைப் பூனை அத்தனையும் வாசல் படலையில் ஆஜர்.

4

இந்த இடத்தில் கதை படுத்துவிட்டது. காருக்காவது ஸப்ராஸ் இருக்கிறார், எனக்கு யார் இருக்கிறார்கள்?

சிக்கல் நிரோஷனில்தான். ஆள் எனக்குப் பிடிபடவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த படகை விற்றுவிட்டு இந்தக் கண்றாவியை வாங்குகிறவனுடைய மனதில் என்னதான் இருக்கும்? ஒருநாள் வேலியால் எட்டி நேரே கேட்டேன். ஸ்பானரை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான்.

"வடிவாயிருந்தது அக்கா," என்றான்.

அவ்வளவுதான். வடிவாயிருந்ததாம். இதை வைத்துக்கொண்டு நான் எந்த மண்ணை எழுதுவது? மனப்போராட்டம் எங்கே, ஆழம் எங்கே என்று நீங்கள் என்னைப் பிடித்துத் தின்னமாட்டீர்களா? ஆகவே எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். ஒரு பொய்யைச் சேர்த்தேன்.

நிரோஷனும் கத்தரினும் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, சண்டை முடிந்தபின் திரும்பி வந்தவர்கள். இது உண்மை. நான் சேர்த்தது: ஒரு மழை நாள். இரண்டு பேரும் அரிசிக்கு வரிசையில் நிற்கிறார்கள். ராமேஸ்வரம் றோட்டில் ஒரு சிவப்புக் கார் போகிறது. அவன் அவள் காதுக்குள் சொல்கிறான்: "ஒருநாளைக்கு உன்னை இப்பிடி ஒண்டில ஏத்திக்கொண்டு போவன். நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்."

எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. என்னுடைய கெட்டித்தனத்தை நினைத்துத்தான்.

5

பிறகு ஒரு மடைவேலை பார்த்தேன். பார்ட்ஸ் பெயர்கள் சரியா என்று பார்க்கச் சொல்லி அந்தத் தாள்களை நிரோஷனிடமே கொடுத்தேன். அவன் ஒரு பெயரையும் திருத்தவில்லை. மழை நாள் வருகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தான்.

"இது எப்பிடி அக்கா உங்களுக்குத் தெரியும்?"

நான் வாய் திறக்குமுன் தாளோடு குசினிக்குள் போய்விட்டான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன் (ஓம், ஒட்டுத்தான் கேட்டேன்). எழுத்துக்கூட்டி, என்னுடைய வசனத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினான். சட்டி கழுவுகிற சத்தம் நின்றது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களே பேசிக்கொண்டார்கள்.

நல்லதுதானே என்பீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவன் என் பொய்யைச் சமயம் பார்த்துத் தூக்கிக்கொண்டு போன கள்ளனா? வாசித்து வாசித்துத் தானே நம்பிவிட்டானா? அல்லது அவன் மறந்திருந்த ஒன்றை நான் தெரியாமல் எழுதிவிட்டேனா? இந்த மூன்றாவது நடந்திருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கதையில் பொய் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அடுத்த வீட்டுக் குசினிக்குள் அதைக் கொண்டுபோய் வைக்க யார் அனுமதி தந்தது?

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

(அ) கார் மடுவுக்குப் போய்ச் சேருகிறது. தீர்த்தம் பட்டதும் எஞ்சின் பூப்போல— [இது ஜெபக் கூட்டத்தில் சாட்சியம் சொல்கிறதுக்குச் சரி. விடு.]

(ஆ) கார் நடுக்காட்டில் நிற்கிறது. கத்தரின் இறங்கித் தள்ளுகிறாள். இருவரும் சிரிக்கிறார்கள், பின்னணியில் வயலின். [சினிமா.]

(இ) பூனைகள் காரைத் தின்றுவிடுகின்றன. [எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.]

7

ஒன்றும் தேவைப்படவில்லை. இன்று காலை, திருநாளுக்குப் போகிற அன்று, கத்தரின் என் வீட்டுக்கு வந்தாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். கையில் ஒரு பை. மடுவுக்கும் அந்தப் பைதான், நறுவிலிக்குளத்துக்கும் அந்தப் பைதான். றோட்டில் நிரோஷன் எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தான். கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அக்கா, உள்ளதைச் சொல்லுங்கோ. அந்த மழை நாள் கதை அவர் உங்களுக்குச் சொன்னதோ, நீங்களா எழுதினதோ?"

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். [எழுத்தாளரின் வீரம் இவ்வளவுதான்.]

"எனக்கு அப்பிடி ஒண்டும் ஞாபகத்தில இருக்கேல்லை," என்றாள். "அவர் வாசிச்சாப் பிறகுதான் ஒவ்வொண்டா வருகுது. அண்டைக்கு நான் பச்சைச் சட்டை போட்டிருந்தனான். எனக்குத் தலைக்கு மேல படங்குச் சீலையைப் பிடிச்சுக்கொண்டு அவர் நனைஞ்சவர். அது உங்கட தாளில இல்லை, என்ன?"

இல்லை. பச்சைச் சட்டையும் இல்லை, படங்கும் இல்லை. நான் எழுதவில்லை.

நானே எழுதினது என்றால் அவள் பஸ்ஸுக்குப் போவாள், அந்தப் பச்சைச் சட்டையும் அவளோடு போய்விடும். அவன் சொன்னது என்றால் அந்த உருப்படாத காரில் ஏறி உட்காருவாள், அது எங்கே கொண்டுபோய் விடுமோ தெரியாது. இதுவரை ஓசியில் வாசித்துச் சிரித்தீர்கள்தானே, இப்போது வந்து பக்கத்தில் நில்லுங்கள்.

அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பலமாகச் சொல்லுங்கள், அந்தக் கார் போடுகிற சத்தத்தில் இவளுக்கு ஒன்றும் கேட்காது.