இடது பக்கச் சிவப்பு

அந்த ஓட்டலில் அவருக்கு விரல்காரர் என்று பெயர். அறைகளைச் சுத்தம் செய்பவர்களுக்கு மேற்பார்வையாளர். கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பு, குழாயின் பின்புறம் என்று கடவுளே எட்டிப் பார்க்காத இடங்களிலெல்லாம் ஆள்காட்டி விரலை ஓட்டி, நுனியைத் தூக்கிக் காட்டுவார். வாயைத் திறக்கவே மாட்டார். எதிரே நிற்பவர்கள் துடைக்கும் துணியைத் தேடி ஓடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் சனிக்கிழமை காலையில், மகளின் கடல்மீன் தொட்டிக்கு முன்னால் பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார். கையில் கைப்பேசி. அதில் மகளின் செய்தி: "அப்பா, நாளைக்குப் பேசும்போது இடது பக்கக் கண்ணாடியக் காட்டுங்க. என் சிவப்புப் பவளம் எவ்வளவு படர்ந்திருக்குன்னு பாக்கணும்."

இடது பக்கக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. சற்று முன்புதான் நீளக் கைப்பிடி வைத்த பிளேடால் அதை அவர் சுரண்டி முடித்திருந்தார்.

அது பவளம் மாதிரியா இருந்தது? கிளை இல்லை, பூ இல்லை. யாரோ சாயத்தைக் கொட்டிவிட்டுத் துடைக்க மறந்ததுபோலக் கண்ணாடியோடு அப்பிக்கிடந்தது. மகள் அதை நகத்தளவு துண்டாக ஒட்டி, இரண்டு வருடம் காத்து, உள்ளங்கை அகலத்துக்குப் படரவிட்டிருந்தாள். அந்த இரண்டு வருடமும் தொட்டிப் பக்கம் அவர் பார்த்ததெல்லாம் தரையில் சிந்திய தண்ணீரைத்தான். தூரத்து ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, "முன்கண்ணாடிப் பாசிய மட்டும் வாராவாரம் சுரண்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கடல்தண்ணீரில் வளரும் அந்தப் பாசியும் செக்கச்செவேல்தான். அதைச் சுரண்டிய கை பக்கத்தில் ஊறிப்போன கறை ஒன்றைக் கண்டால் சும்மா இருக்குமா? கரகரவென்று பெயர்ந்து விழுந்தபோது தனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை நினைத்து அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பவளம் போனதுகூடப் பெரிதில்லை. மகள் வீட்டில் இருந்தவரை இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு மொத்தமும் "சாப்டியா?", "சாப்பிட்டேன்பா" என்பதோடு சரி. வேலைக்குப் போன புதிதில் போன் செய்தாலும் அதேதான். அடுத்த மூச்சில் "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்றுவிடுவார். பிறகு தொட்டியின் மற்ற வேலைகளும் அவர் தலையில் விழவும், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தாள். மீன், உப்பு, விளக்கு என்று அரைமணி நேரம் பேசுவாள். அவர் வாழ்க்கையில் மகள் அவருக்கென்றே போட்ட அழைப்புகள் அவைதான். இப்போது பிளேடால் சுரண்டியது அந்த அழைப்புகளையும் சேர்த்துத்தானோ என்று பயந்தார்.

சமையலறையிலிருந்து வந்த மனைவி தொட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அடப்பாவமே! அதையா சுரண்டுனீங்க?"

"கறைன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் கறைதான். நாளைக்கு அவ கேட்டா என்ன சொல்லப் போறீங்க?"

"வலது பக்கத்தக் காட்டிடலாமா?"

"அவ என் வயித்துல பொறந்தவ. ஏமாற மாட்டா."

சட்டையை மாட்டிக்கொண்டு மீன்கடைக்கு ஓடினார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "வெள்ளையா மட்டும் கெடந்தா அது வெறும் ஓடு சார். சிவப்பு ஒட்டியிருக்கற துண்டுல உயிர் இருக்கு. மணல்லருந்து பொறுக்கி, வெள்ளைப் பக்கம், தண்ணிக்குள்ளயும் ஒட்டற இந்தப் பசைய வச்சுக் கண்ணாடியில அழுத்துங்க. விளிம்பு மெல்லிசாக் கண்ணாடிமேல ஏறிருச்சுன்னா பொழைச்சிருச்சுன்னு அர்த்தம்."

"ஏறலைன்னா?"

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

அன்று முழுக்க இடுக்கியும் கையுமாக மணலைத் துழாவினார். ஒரு துண்டை ஒட்டினால் இன்னொன்று விழுந்தது. விழுந்ததை எடுக்கக் கை விட்டால் முழங்கை பட்டு மற்றொன்று போயிற்று. ஞாயிறு காலையில் பல் துலக்காமல் வந்து பார்த்தால், பாதித் துண்டுகள் மீண்டும் மணலில் கிடந்தன. அவர் தோள்வரை கையை விட்டு நின்றபோது, வழக்கத்தைவிட முன்னதாகவே போன் அடித்தது. வீடியோ அழைப்பு. மனைவி எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள்.

"என்னப்பா, கை தொட்டிக்குள்ள?"

கையை வெளியே எடுத்தார். ஊரையே நடுங்கவைத்த அந்த ஆள்காட்டி விரலில் ஒரு சிவப்புத் துண்டு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. திருதிருவென்று விழித்தார். அதற்குமேல் மறைக்க அவருக்குத் தெம்பில்லை.

"நான்தான்மா சுரண்டிட்டேன். கறைன்னு நெனச்சிட்டேன்."

திரையில் அவள் முகம் அசையவில்லை. கோபமா, இணைப்புதான் நின்றுவிட்டதா என்று தெரியாமல் அவர் தவித்தார். பிறகு அவள் கண் கலங்குவது தெரிந்தது.

"ரெண்டு வருஷம்ப்பா."

"திரும்ப ஒட்டிக்கிட்டிருக்கேன்மா…"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அம்மாவிடம்கூட அவள் பேசவில்லை.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாத் துண்டுகளையும் ஒட்டி முடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தார். திங்கட்கிழமை ஓட்டலுக்குப் போனவர் எந்தச் சட்டத்திலும் விரலை ஓட்டவில்லை. விரல் நுனியில் பசையோடு தோலும் உரிந்து எரிந்துகொண்டிருந்தது. விரல்காரருக்கு என்ன ஆயிற்று என்று எல்லோரும் கிசுகிசுத்தார்கள்.

மதியம் மாடி நடையில் நின்றபோது போன் அடித்தது. மகள். திங்கட்கிழமையில்.

"விழுந்துச்சாப்பா?" என்றாள், எடுத்த எடுப்பில்.

"காலையில பாத்தப்போ விழலமா. எல்லாம் இருக்கு."

"மோட்டார் தள்ளற தண்ணி நேரா அதுமேல படாமத் திருப்பி விடுங்க. நாளைக்குக் கேக்கறேன்."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். கோபம் குரலில் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு கவலை மட்டும் இருந்தது. பிறகு நடுநடுவே அவளுடைய அலுவலகக் கதையும் வந்தது. புது மேலதிகாரி ஒருவர் மேசையில் தூசி இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்க்கிறாராம். "உங்க ஞாபகம்தான்பா வந்துச்சு" என்று சிரித்தாள். தொட்டியில் இரண்டு துண்டுகள் வெளுத்துச் செத்தன. மிச்சமெல்லாம் பசையைத் தாண்டி விளிம்பு விட்டு, கண்ணாடிமேல் மெல்ல ஏறின.

கடைசித் துண்டும் ஏறிய மாலையில்தான் அவருக்குப் புதிதாகப் பயம் பிடித்துக்கொண்டது. எல்லாம் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டால், நாளைக்கு அவள் எதற்குக் கூப்பிடுவாள்?

போன் அடித்தது.

"எப்படிப்பா இருக்கு? எல்லாம் புடிச்சுக்கிச்சா?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பெரும்பாலும் புடிச்சிருச்சுமா. மூலையில ஒண்ணு மட்டும்… லேசா ஆடற மாதிரி இருக்கு."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினாள். எழுந்து வந்து, புடவையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டு, அந்த மூலைத் துண்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். அது கல்போல இருந்தது. அவரையே உற்றுப் பார்த்தாள். அவர் பார்வையை நகர்த்திக்கொண்டார்.

"ஆமாடி," என்று போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள் மனைவி. "ஆடுது. இப்பத்தான் நானே தொட்டுப் பாத்தேன்."

"ஐயோ, அப்ப நாளைக்குக் கூப்பிடறேன்" என்றாள் மகள்.