பத்தொன்பது டப்பா

நான்காம் தொட்டியின் சிலேட்டில் கோரின் 'மாம்பழம்' என்று எழுதிவிட்டுப் போனாள். ஆர்வோ அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, மால்ட் தானிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டியைக் கடந்தான். மாமரம் என்று ஒன்றை அந்த ஊரில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் மாம்பழ வாசனை போட்ட போதைச் சோடாதான் இப்போது அஸ்டோரியா முழுக்க ஓடியது. முப்பத்தோரு வருஷமாக நான்காம் தொட்டியில் இருந்தது ஆர்வோவின் பீர். அதை நிறுத்திவிட்டுச் சோடா நிரப்பப் போகிறார்கள் என்பதுதான் அந்த ஒற்றைச் சொல்லுக்கு அர்த்தம்.

பீர் ஆலை ஆற்றின் மேல் நின்றது. மீனவர்கள் சால்மன் வலைகளைக் காயப்போட்ட பழைய கொட்டகை அது. அதனால் ஆலைக்கும் வலைக்கொட்டகை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பலகைத் தரைக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில், கடல் சிங்கங்கள் படுத்துக்கொண்டு நாள் முழுக்கக் குரைக்கும். மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னலுக்கு வெளியே கப்பல்கள் சத்தமில்லாமல் போகும். மாடி வீடு ஒன்று இடம் பெயர்ந்து போகிற மாதிரி இருக்கும். கொலம்பியா ஆறு கடலைத் தொடுகிற இடம். எது ஆறு, எது கடல் என்று அங்கே தண்ணீருக்கே குழப்பம். கடல் உள்ளே ஏறும், ஆறு அதை வெளியே தள்ளும். நடுவில் இரண்டும் ஓய்ந்துபோய், தண்ணீர் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் போகாமல் அப்படியே நிற்கும். வலைக்காரர்கள் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்து வலை விடுவார்கள். அந்த நேரத்தின் பெயரைத்தான் ஆர்வோ தன் பீருக்கு வைத்திருந்தான். நின்ற நீர்.

பெயருக்கு ஏற்ற மாதிரி ஒரு வழக்கமும் இருந்தது. தண்ணீர் நிற்கிற நேரம் பார்த்து, உடைத்துப்போட்ட படகு ஒன்றின் மணியை ட்வைலா அடிப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கூடத்தில் பீர் ஊற்றிக் கொடுக்கிறவள் அவள். மணி அடித்தால் பேச்சு நிற்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒரு குச்சியோ இறகோ மிதக்கும். அது நகர ஆரம்பிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தவன் எல்லாருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் எண்பது பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்து ஒரு இறகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது ஆறு பேர், ஏழு பேர்.

"வியாழக்கிழமை காய்ச்சுறதுதான் கடைசி ஈடு, ஆர்வோ," என்றாள் கோரின், திரும்பி வந்து. "அது தீர்ந்ததும் தொட்டி மாம்பழத்துக்கு."

"சோடா குடிக்கிறவனெல்லாம் ஒரு ஆளா?"

"குடிக்கிறான்ல. உன் பீரை எவன் குடிக்கிறான்? போன மாசம் பாதித் தொட்டி சாக்கடைக்குப் போச்சு. நீயே திறந்துவிட்டே."

"ஜனங்க நாக்கு மாறிப்போச்சுன்னா நான் என்ன பண்றது? நான் ஒண்ணும் மாத்தலையே. அதே மால்ட், அதே ஹாப்ஸ், அதே மலைத் தண்ணி."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ எதையுமே மாத்தமாட்டே."

அவள் கொட்டகையில் பாதிக்குச் சொந்தக்காரி. பதினாறு வருஷத்துக்கு முன் கல்யாணம் முறிந்து அவர்கள் பிரிந்தபோது வீட்டைப் பிரித்தார்கள், படகைப் பிரித்தார்கள், நாயைக்கூட அவள் கூட்டிப்போனாள். கொப்பரையைப் பிரிக்க வழி தெரியவில்லை. அதனால் தினமும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழித்துக்கொண்டு, ஊருக்கே வேடிக்கையாக, காலம் தள்ளினார்கள். நின்ற நீர் இல்லாத கொட்டகைக்குள் தான் காலெடுத்து வைக்கப்போவதில்லை என்று ஆர்வோ மனதுக்குள் முடிவு செய்துவிட்டான். அதை அவளிடம் சொல்லவில்லை. அவன் எதைத்தான் சொன்னான்?

அன்று பிற்பகல் ஹார்லன் வந்து நின்றான். இருபத்தாறு வருஷத்துக்கு முன் அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போனவன். தாடி முழுக்க நரைத்து, ஒரு காதில் பாதி காணாமல் போயிருந்தது.

"டேய் ஆர்வோ, அங்க ஒவ்வொரு பனிக்காலமும் உன் பீரை நினைச்சுக்கிட்டேதான்டா தூங்கினேன். ஊத்து."

ட்வைலா ஊற்றினாள். ஊற்றி முடிக்கவும் தண்ணீர் நிற்கிற நேரம் வரவும் சரியாக இருந்தது. மணி அடித்தாள். கடல் சிங்கங்கள்கூட அடங்கிவிட்ட மாதிரி இருந்தது. வெளியே வெள்ளைப் பனிக்குள் ஒரு நாணல் குச்சி தண்ணீரில் ஆணி அடித்தாற்போல் நின்றது. ஹார்லன் ஒரு வாய் குடித்தான். டம்ளரைப் பார்த்தான். இன்னொரு வாய் குடித்துவிட்டு ஆர்வோவைப் பார்த்தான். பேசக்கூடாதென்பதால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் குச்சி கடல் பக்கம் மெல்லத் திரும்பியது.

"பீர் நல்லாத்தான் இருக்கு," என்றான் ஹார்லன். "ஆனா நான் கேட்டது நின்ற நீரு."

"அதுதான்டா அது."

"சும்மா விளையாடாதே."

"அலாஸ்காவுல டப்பா மீனைத் தின்னுத் தின்னு உன் நாக்கு செத்துப்போச்சு."

"செத்த நாக்குக்குக் கசப்பு தெரியுமாடா? இது கசக்குது ஆர்வோ."

ட்வைலா சிரித்துவிட்டாள். ஆர்வோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வார்த்தைகள். அதே மாதிரி, பெயரைக் கடைசியில் வைத்து.

பதினேழு வருஷத்துக்கு முன் ஒரு குளிர்கால மாலையில் கோரின் இதே கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் எதுவும் சரியில்லாத சமயம். அவள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, அலுத்துப்போன குரலில், "கசக்குது ஆர்வோ," என்றாள். அவன் எது என்று கேட்கவில்லை. கல்யாணம் கசந்துவிட்டதென்று சொல்கிறாள், வேறென்ன? வெளியே போய்ப் பலகை மேடையில் மழையில் நின்றான். உள்ளே வந்தபோது அவள் போயிருந்தாள். அதற்குப் பிறகு அவள் நின்ற நீரைத் தொடவே இல்லை, ஒயினுக்கு மாறிவிட்டாள். என்னை விட்டாள், என் பீரையும் விட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். மறு வருஷம் வக்கீல்கள் வந்தார்கள்.

வியாழக்கிழமை வந்தது. கொப்பரைக்கு அடியில் தீ மூட்டி, மால்ட் சாறு கொதிக்கத் தொடங்கியதும் ஆவி எழுந்து கொட்டகையை நிறைத்தது. வெளியேயும் பனி, உள்ளேயும் பனி. இடையில் இருக்கிற சுவர் கரைந்துபோய், தான் ஆற்றின் மேலேயே நின்று காய்ச்சுகிற மாதிரி ஆர்வோவுக்குத் தோன்றும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவன் இந்தத் தொழிலில் இருந்தான் என்றுகூடச் சொல்லலாம். செத்துப்போன சிநேகிதர்கள் அந்த ஆவிக்குள் வந்து போவார்கள். அவனுடைய அப்பா ஒரு முறை வந்து, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். ஆர்வோ யாரையும் கூப்பிடவும் மாட்டான், விரட்டவும் மாட்டான்.

கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவை அவன் டப்பாவால் அளப்பான். மூடிப்போன மீன் ஆலையிலிருந்து பொறுக்கி வந்த சால்மன் டப்பாக்கள். கொதிக்கும் முன்பே எல்லாவற்றையும் நிரப்பிக் கொப்பரைக்கு மேலே உள்ள பலகையில் வரிசையாக வைத்துவிடுவான். ஒவ்வொன்றாகக் கொட்டி, அகப்பையில் ஒரு வாய் எடுத்து ருசி பார்ப்பான். அறுவடை முடிந்து புது ஹாப்ஸ் வந்ததும் காய்ச்சுகிற முதல் ஈட்டின்போது மட்டும் சப்புக்கொட்டி, "இந்த வருஷ ஹாப்ஸ்ல சுரத்து இல்ல, இன்னொண்ணு போடணும்," என்பான். ட்வைலா அதை அவன் குரலிலேயே சொல்லிக் காட்டி வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைப்பாள். எல்லா வருஷமும் சொல்வதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம், மூன்று வருஷத்துக்கு ஒரு தரம்.

இன்றும் வரிசை தயாராக இருந்தது. பத்தொன்பது டப்பா.

எதிர்ச் சுவரில் ஒரு புகைப்படம் தொங்கியது. முதன்முதலாகக் காய்ச்சிய நாள். ஆவி படிந்து அதன் கண்ணாடி மங்கிவிடும் என்பதால் காய்ச்சுகிற நாளெல்லாம் சட்டைக் கையால் அதைத் துடைப்பது ஆர்வோவின் வழக்கம். முப்பத்தோரு வருஷமாகத் துடைத்திருக்கிறான். துடைக்கும்போது எப்போதும் கோரினைத்தான் பார்ப்பான். அதில் அவளுக்கு முப்பது வயது, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

இன்று கண் அவளைத் தாண்டிப் போனது. அவள் தலைக்கு மேலே பலகை தெரிந்தது. இதே கொப்பரை, இதே பலகை. அதன் மேல் டப்பாக்கள்.

ஆறு.

அவன் கண்ணாடியை மறுபடி துடைத்தான். பலகையின் இரண்டு முனையும் படத்தில் தெரிந்தன. வெட்டுப்பட்டுப் போனது எதுவும் இல்லை. விரலை வைத்து எண்ணினான். ஆறுதான். திரும்பி, ஆவிக்குள் நிற்கிற பத்தொன்பதையும் எண்ணினான்.

ஹாப்ஸில் சுரத்து எந்த வருஷமும் குறையவில்லை. அவன் நாக்குதான் கசப்பைத் தின்று தின்று மரத்துப்போய், இன்னும் இன்னும் என்று கேட்டிருக்கிறது. அவனும் கேட்டபோதெல்லாம் ஒரு டப்பாவைக் கூட்டிக்கொண்டே போய், ஒன்றும் மாற்றவில்லை என்று ஊரெல்லாம் மார்தட்டியிருக்கிறான். மாறிப்போனது ஜனங்கள் அல்ல. ஆர்வோவுக்கு முகமெல்லாம் சுட்டது. யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு நிம்மதி, அந்த நிம்மதியை நினைத்து இன்னும் வெட்கம்.

ஆறு டப்பாவைக் கொட்டினான். ஏழாவதன் மேல் கை தானாகப் போய் உட்கார்ந்தது. அதை விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அகப்பையில் ஒரு வாய் எடுத்தான். ஒன்றுமே இல்லை. வெறும் இனிப்புக் கஞ்சித் தண்ணி. கடைசி ஈட்டையும் கெடுத்துவிட்டோமோ என்று இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தான். முப்பத்தோரு வருஷமாக நம்பிய நாக்கை விட்டுவிட்டு, ஒரு படத்தை நம்பித் தீயை அணைத்தான்.

மறுநாள் ட்வைலா பலகையில் மிச்சமிருந்த பதின்மூன்று டப்பாவையும் பார்த்தாள். "என்ன முதலாளி, இந்த வருஷ ஹாப்ஸ்ல சுரத்து இருக்கோ?" என்றாள்.

"வேலையைப் பாரு," என்றான் அவன். அவள் டப்பாக்களைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, பிற்பகல் நாலு மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று அட்டவணை சொன்ன நாளில், நான்காம் தொட்டியைத் திறந்தார்கள். கடைசி ஈடு என்று கேள்விப்பட்டுக் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள், சாவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு. ஹார்லன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கோரின் ஒயின் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். "வழியனுப்புறதுன்னா ஒழுங்கா அனுப்பணும். எனக்கும் அதையே ஊத்து," என்றாள்.

மணி அடித்தது.

பனி ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. கடற்காக்கையின் இறகு ஒன்று தண்ணீரில் அசையாமல் கிடந்தது. தூரத்தில் எங்கோ ஒரு கப்பலின் ஊதல் கேட்டு நின்றது. கோரின் ஒரு வாய் குடித்தாள். அப்புறம் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. ஹார்லன் கண்ணை மூடியிருந்தான். ஆர்வோ தன் டம்ளரில் ஒரு மடக்கு குடித்தான், ஆற்றைக் குடித்த மாதிரிதான் இருந்தது. யாராவது பேசித் தொலைத்தால் தேவலை, எல்லாருக்கும் தானே ஒரு சுற்று ஊற்றிவிடலாம் என்று நினைத்தான். ஒருவரும் பேசவில்லை. இறகும் நகரவில்லை. வாழ்நாளில் தண்ணீர் அவ்வளவு நேரம் நின்று அவன் பார்த்ததில்லை.

பிறகு இறகு நகர்ந்தது. அப்போதும் யாரும் பேசவில்லை. ஹார்லன் மட்டும் காலி டம்ளரை ட்வைலாவிடம் நீட்டினான்.

"ஆர்வோ," என்றாள் கோரின். "என்ன பண்ணினே?"

"அந்தப் படத்துல டப்பாவை எண்ணிப் பாரு."

அவள் எழுந்து போய் எண்ணினாள். பிறகு பலகையில் மிச்சமிருந்ததையும் எண்ணினாள். திரும்பி வரும்போது நடை மெதுவாக இருந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேனே. கசக்குதுன்னு."

"நீ பீரையா சொன்னே?"

"பின்னே?"

ஆர்வோ கவுன்ட்டரில் இல்லாத ஈரத்தைத் துணியால் துடைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அப்படியே தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினேழு வருஷத்தை யாரால் மறுபடி காய்ச்சி எடுக்க முடியும்?

அவள் எழுந்து நான்காம் தொட்டிக்குப் போனாள். சிலேட்டில் இருந்ததைச் சட்டைக் கையால் அழித்தாள். "மாம்பழம் மூணாம் தொட்டிக்குப் போகட்டும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்து, டம்ளரை நீட்டினாள். அவன் ஊற்றினான்.

"உன்னது அப்படியே இருக்கே. குடிக்கலையா?"

"குடிச்சேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு ஒண்ணும் தெரியலை கோரின். தண்ணி மாதிரி இருக்கு. இனிமே தெரியாதுன்னு நினைக்கிறேன்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"முதல்ல ரொட்டி ஓரம் முறுகுற வாசனை," என்றாள். "அப்புறம் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினா வருமே, அது."

"கசப்பு?"

"இரு, வருது. எல்லாத்துக்கும் கடைசியில. வந்துட்டு, போயிடுது."

"போயிடுதா?"

"போயிடுது."

ஆர்வோ தன் டம்ளரை எடுத்து இன்னொரு வாய் குடித்தான். "மறுபடி முதல்லேருந்து சொல்லு," என்றான். "மெதுவா."