வருடத்தை மட்டும் மாற்றிய பக்கம்

ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்களில் லோகேஸ்வரிக்கு ஒரு வேலை மட்டும் ஐந்தே நிமிடத்தில் முடியும். எந்த விதிப்படி கணக்கு எழுதினோம் என்று கம்பெனி சொல்லும் பக்கம் அது. போன வருடத் தாளைத் திறப்பாள், வருடத்தை மாற்றுவாள், அச்சடிப்பாள். பதினோரு வருடமாக அதை அவளும் படித்ததில்லை, கையெழுத்துப் போடும் முதலாளி சிவநேசனும் படித்ததில்லை.

ஜுரு என்ற ஊரில் கார் சாமான் விற்கும் கம்பெனி. ஸ்டோரின் பின்பக்கம், ஓட்டம் நின்றுபோன மாடல்களின் கியர் பாகங்கள் பெட்டி பெட்டியாகத் துருப்பிடித்துக் கிடந்தன. விற்காத சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதுகிறோம் என்றது அந்தப் பக்கம். கணக்கிலோ எல்லாம் வாங்கிய விலையிலேயே நின்றன. அதனால்தான் லாபம் தெரிந்தது, பேங்க் கடனும் கிடைத்தது. தணிக்கைக்கு வந்தவர் பெட்டிகளை எண்ணினார், ஒன்றையும் திறக்கவில்லை. அவருக்கு என்ன அவசரமோ!

ஸ்டோர்கீப்பர் தங்கராஜுவுக்கு ஐம்பத்தைந்து வயதானது. ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் பிடித்து வைத்த இபிஎஃப் பணம் கைக்கு வந்ததும், பங்கு தருகிறேன், சேர்ந்துகொள் என்றார் சிவநேசன். தங்கராஜு ஏமாளி இல்லை. கணக்குத் தாள்களை வாங்கிக்கொண்டு டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த தன் வீட்டுக்குப் போய், தெரியாத சொல்லைக் கைப்பேசியில் தேடித் தேடி வரிவரியாகப் படித்தார். அந்தப் பக்கத்தைப் படித்த முதல் ஆள் அவர்தான். மறுநாள் காலையில் நேரே லோகேஸ்வரியின் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, பின்னால கெடக்குற குப்பதான் எனக்குப் பயமா இருந்துச்சு. விக்காத சாமானுக்கு வெலய கொறைச்சாச்சுன்னு இதுல போட்டிருக்கு. கொறைச்ச பெறகுதானே இந்த லாபம்?”

அப்போதுதான் அவளும் அந்த வரியைப் படித்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சிவநேசன் இருந்தார். அவளுக்கு வீட்டுக் கடன் இருந்தது, இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவி, அதை விழுங்கிவிட்டாள்.

“எழுதியிருக்கிற மாதிரித்தாண்ணே.”

அன்றே தங்கராஜு பணத்தைப் பங்காகப் போட்டார். தொண்ணூறாயிரம் வெள்ளி. இருபத்தெட்டு வருட உழைப்பு. அடுத்த வருடம் பேங்க் ஆள் வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தார். கடன் நின்றது, கம்பெனி மூடியது. சிவநேசன் வேறு பெயரில் கடை திறந்துவிட்டார், அவருக்கென்ன. தங்கராஜு இப்போது ஓர் அடுக்குமாடி வாசலில் ஜாகாவாக, காவலுக்கு நிற்கிறார்.

லோகேஸ்வரி அங்கே போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. உள்ளே வந்த காரின் நம்பரைப் புத்தகத்தில் எழுதி, தடுப்பைத் தூக்கிவிட்டு வந்தார்.

“அந்தக் குப்பைய தெனமும் பாத்தவன் நான். என் கண்ண நம்பாம நீ அடிச்ச தாள நம்புனேன். மொதலாளி பொய் சொல்வாரு, அது தெரிஞ்சதுதான் லா. ஆனா செய்யாதத செஞ்சோம்னு எழுதி வச்சா, படிச்சுப் பாத்து நம்புறவன் கழுத்தத்தான் அது அறுக்கும். எழுதுனா அதும்படி செய்யணும். செய்ய முடியலன்னா எழுதக் கூடாது. என் காசு இனி வராது தங்கச்சி. நீ வீட்டுக்குப் போ.”