லால்பேட்டைக்குக் குடிவந்த சேற்றுப் புழுக்கள்

2005 நவம்பர் வெள்ளம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஒரு முழம் வண்டலைக் கொட்டிவிட்டுப் போனபின், அங்கே அடிச்சேற்றில் வாழ்ந்த புழுக்களும் மட்டிகளும் லால்பேட்டையில் மெகருன்னிசா வீட்டு முற்றத்தில் குடியேறின. ஆற்றை எதிர்த்து வந்து வீராணம் பக்கம் திரும்பின என்றார்கள் சிலர். மெகருன்னிசாவின் மகள் நௌஷீனின் சேறு படிந்த சுடிதார் மடிப்பில் பஸ் ஏறி வந்தன என்றார் காட்டுமன்னார்கோயில் பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காததுதான் அவருக்கு வருத்தம்.

நௌஷீன் பரங்கிப்பேட்டையில் இந்தப் புழுக்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மாதாமாதம் படகில் போய் நான்கு இடங்களில் அடிச்சேற்றை அள்ளி, சல்லடையில் கழுவி, மிஞ்சும் உயிர்களை எண்ணுவாள். வெள்ளத்துக்குப் பிறகு கிளிஞ்சல் உடைசல்தான் மிஞ்சியது. வண்டல் மூடி எல்லாம் செத்துவிட்டன என்று எழுதினால் ஆய்வேடு முடிந்துவிடும். செத்தவை வீட்டில் அம்மாவின் காலைச் சுற்றிக்கொண்டிருந்ததுதான் சிக்கல். பட்டம் வந்தபிறகே நிக்காஹ் என்று பேச்சு. மாப்பிள்ளை அஷ்பாக் சார்ஜாவிலிருந்து போனில் புழுக்களையும் நலம் விசாரித்தபடி காத்திருந்தான். வெறும் சல்லடையைப் பார்க்கும்போது துக்கத்தோடு ஒரு நிம்மதியும் எழுவதை நௌஷீன் கவனித்தாள். எண்ண ஒன்றும் இல்லாமல் ஆய்வேடு இழுபடும்வரை அம்மாவைத் தனியே விட்டுப் போகவேண்டியதில்லை. அந்த நிம்மதிக்காகத் தன்மேல் கோபப்பட்டாள். கோபமும் நாளடைவில் படிந்து அடியில் போய்விட்டது.

மெகருன்னிசாவுக்குப் புழுக்களைப் பிடித்துப்போயிற்று. அவை துளைத்துத் துளைத்து முற்றத்தைப் பஞ்சாக்கியிருந்தன. கத்திரி வெயிலிலும் வீடு குளிர்ந்தது.

“செத்துப்போச்சுன்னே எழுதிடவாம்மா?”

“அல்லாவுக்கே அடுக்காதுடி. இந்தா, குத்துக்கல்லாட்டம் இருக்குதுவளே!”

“எந்த எடம்னு எழுதணுமே.”

“மெகருன்னிசா வூடுன்னு எழுது. ஏன், கேவலமா இருக்குதோ?”

எழுதினாள். ஐந்தாவது இடம்: லால்பேட்டை, எங்கள் முற்றம்.

2009இல் ஆய்வேட்டின் தேர்வாளர் ராமாமிர்தம் நேரிலேயே வந்துவிட்டார். முற்றத்தில் முழங்காலிட்டுச் சேற்றை அள்ளி, சல்லடையில் கொட்டி, ஃபார்மலின் பாட்டிலைத் திறந்தார். மெகருன்னிசா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“வூடு தேடி வந்ததுங்கள கொல்ற வேல இங்க வாணாம் சார். உசுரோட எண்ணுங்க. டீ போடறேன்.”

உயிரோடு எண்ணினார். புழுக்கள் ஒவ்வொன்றாகச் சல்லடை ஓரத்தில் தலைநீட்டி ஒத்துழைத்தன. முடித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: முற்றத்தில் ஊற்றும் தண்ணீரில் உப்பு எவ்வளவு?

“காலையில ஒரு கை, பொழுதுசாய மகரிபுக்கு ஒரு கை” என்றார் மெகருன்னிசா. தேர்வாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

பட்டம் வந்தது. மறு வருடம் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, புழுக்கள் ஒதுங்கி வழிவிடும்வரை நின்று, பிறகு பந்திக்குப் போனார்கள். வண்டல் மெல்லக் கரைந்து 2012இல் முகத்துவாரத்துக்குப் பாதி உயிர்கள் திரும்பின. மீதி இருந்துவிட்டன. தனியா எப்படிம்மா இருக்க என்று நௌஷீன் சார்ஜாவிலிருந்து போனில் கேட்கும்போதெல்லாம் மெகருன்னிசா எரிந்து விழுவார்:

“தனியாவா? எந்திரிச்சா காலு வெக்க எடமில்லடி இங்க.”