நெவிலின் புது சூட்

எங்கள் லங்காஷயர் கால்பந்து அணியில் கோட்டும் டையும் மேனேஜரான எனக்குத்தான். உதவிப் பயிற்சியாளன் நெவிலுக்கு டிராக்சூட். வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். அந்தச் சனிக்கிழமை அவன் புது கறுப்பு சூட்டில் வந்து நின்றான்.

“யாரு செத்தா?” என்றேன்.

“சும்மாதான் பாஸ். பொண்டாட்டி எடுத்துக் குடுத்தா.”

இத்தனை வருஷம் எடுத்துக் கொடுக்காதவள்.

ஆட்டம் முழுக்க மைதானத்தின் எல்லைக்கோட்டோரம் நின்று, நான் கத்த வேண்டியதை அவன் கத்தினான். டிவி கேமரா திரும்பும்போதெல்லாம் டையைத் தடவிக்கொண்டான். கையை நீட்டினால் அக்குளில் விலைச்சீட்டு ஆடியது. நான் சொல்லவில்லை. மேலே கேலரியில் கிளப் தலைவருக்குப் பக்கத்தில் சாம்பல் ஓவர்கோட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்ததையும் சொல்லவில்லை.

அன்றும் தோற்றோம். தலைவர் என்னை மேலே கூப்பிட்டனுப்பினார். நெவில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கைகுலுக்கக் கை நீட்டினான்.

“மனசுக்குக் கஷ்டமா இருக்கு பாஸ்.”

“அந்த விலைச்சீட்டப் பிச்சிடாத,” என்றேன். “மேல ஓவர்கோட்டுல உக்காந்திருக்கான் பாரு, அவன்தான் புது மேனேஜர். எந்த கிளப்புக்குப் போனாலும் உதவிக்குத் தன் ஆளையே கூட்டிட்டு வர்றவன். சீட்டு இல்லன்னா கடையில திருப்பி எடுத்துக்க மாட்டாங்க.”